எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

பனமரத்துப்பட்டியிலிருந்தும் மல்லூரிலிருந்தும் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்தும் பஸ் ஏறிப் போய் எம்.எஸ்ஸி. இயற்பியலும் வேதியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு,



போன மாதம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தீர்கள். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பு. லாந்தனைடு கலந்த அப்கன்வர்ஷன் நானோ துகள்களின் வெளிச்சத்தைக் கூட்டுவதுதான் தலைப்பு. கையில் ஒரு ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ். அதில் ‘300 மடங்கு’ என்ற இடத்தில் மஞ்சள் மார்க்கர் தடவியிருந்தது. “நாங்க 500 மடங்காவது காட்டணும் சார்” என்றீர்கள். நானும் காபி கொடுத்து, நல்லா பண்ணுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் உறுத்தியது. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியை நான் கேட்கவே இல்லை: எதைவிட 300 மடங்கு?

இந்தத் தலைப்பை எடுக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் வருகிறார்கள். அதனால் மூன்று பேரோடு நிறுத்தாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வாத்தியார் கடிதம் வேறு எப்படி இருக்கும்?

லாந்தனைடு என்றதும் ஏதோ எட்டாத சரக்கு என்று நினைக்க வேண்டாம். இந்த ஊர் மூன்று தலைமுறையாக அந்த வெளிச்சத்தில்தான் கண்விழித்திருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து வைத்தால், பெட்ரோமாக்ஸுக்குப் பம்ப் அடித்துக் கம்பத்தில் தூக்கிக் கட்டுவார்கள். உள்ளே வெள்ளையாகக் காய்கிற மேன்டில் இருக்கிறதே, அது தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்குமாகச் சேர்ந்த சாம்பல் வலை. ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கலவை. சீரியம் ஒரு லாந்தனைடு. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் வலை மங்கலாக எரியும். அதைவிட அதிகம் சேர்த்தாலும் வெளிச்சம் இறங்கிவிடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும். அந்த மேன்டில் தொழிலுக்கு வேண்டிய மோனசைட் கனிமத்தை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டது எங்கே தெரியுமா? நம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில்.

பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட்டும் சிஎஃப்எல்லும் வந்தன. அவற்றின் நல்ல ரகங்களில் சிவப்பைத் தந்தது யூரோப்பியம், பச்சையைத் தந்தது டெர்பியம். இப்போது விடியுமுன் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போகிறார்களே உங்கள் அம்மாமார், அந்த எல்இடிக்குள் இருக்கிற சில்லு உண்மையில் நீல வெளிச்சம்தான் தருகிறது. மேலே பூசிய மஞ்சள் பொடி, நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக்கி விடுகிறது. மீந்த நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அந்தப் பொடியிலும் சீரியம்தான். மல்லிகை மொட்டு எது, மலர்ந்தது எது என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

மேன்டில் சூட்டில் ஒளிர்வது, அதன் கதை வேறு. டியூப்லைட்டிலும் எல்இடியிலும் நடப்பது ஒரே திசை வியாபாரம். அதிக ஆற்றலுள்ள ஒளி உள்ளே போகும், குறைந்த ஆற்றலுள்ள ஒளி வெளியே வரும், வித்தியாசம் சூடாகக் கழியும். நீங்கள் எடுத்திருக்கும் பொருள் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை ஊட்டினால் பச்சையும் சிவப்பும் நீலமுமாகத் திருப்பித் தருகிறது. அப்கன்வர்ஷனை நான் வகுப்பில் ‘ஒளியேற்றம்’ என்பேன். விளக்கேற்றுவதும் அதில் இருக்கிறது, கிணற்று ஏற்றமும் இருக்கிறது. அகராதிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இது எப்படி முடிகிறது? மாடிக்கு மண் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்கும் சித்தாள் சட்டியைத் தூக்கித் தருவார். சாரத்தின் நடுத்தட்டில் நிற்பவர் வாங்கி மேல்தட்டுக்குத் தருவார். இட்டர்பியம் அயனிதான் கீழே நிற்கும் சித்தாள். 980 நானோமீட்டர் அகச்சிவப்பை அதைப்போல நன்றாக வாங்க மற்றவர்களால் முடியாது. அது தான் வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் எர்பியத்துக்குக் கொடுக்கிறது. எர்பியம் நடுத்தட்டுக்கு ஏறி நிற்கிறது. அங்கே நின்றபடி இன்னொரு சட்டிக்குக் காத்திருக்கிறது. இரண்டாவதும் வந்தால் மேல்தட்டுக்குப் போய், அங்கிருந்து இறங்கும்போது 540 நானோமீட்டர் சுமாரில் பச்சையாகவோ 655 சுமாரில் சிவப்பாகவோ ஒளிர்கிறது. எர்பியத்துக்குப் பதில் தூலியத்தை நிறுத்தினால் தட்டுகள் கூடும், நீலமும் கிடைக்கும்.

எல்லா மர்மமும் அந்தக் காத்திருப்பில்தான். சாதாரண சாயமூலக்கூறு நானோ விநாடிகளில் கீழே விழுந்துவிடும், இரண்டாவது சட்டி வரும்வரை நிற்காது. லாந்தனைடுகளில் வேலை செய்யும் 4எஃப் எலெக்ட்ரான்கள் வெளிக்கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் தாவல்களைக் குவாண்டம் விதிகள் சுலபத்தில் அனுமதிப்பதில்லை. அதனால் நடுத்தட்டில் மைக்ரோ விநாடி அல்ல, மில்லி விநாடிக் கணக்கில்கூட நிற்க முடிகிறது. இதே கட்டுப்பாடுதான் அவற்றின் குறையும்: வெளிச்சத்தைச் சுலபத்தில் விடாதது வெளிச்சத்தைச் சுலபத்தில் வாங்கவும் வாங்காது.

இப்படிப் படிப்படியாக ஏற்றலாம் என்ற யோசனையை 1959-ல் நிக்கோலாஸ் புளூம்பெர்கன் எழுதிவைத்தார். அயனிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றி ஏற்றுகின்றன என்பதை 1966-ல் பிரான்சில் ஃபிரான்சுவா ஓசெல் காட்டினார். அதே வருஷம் சோவியத் நாட்டில் ஓவ்சியான்கினும் ஃபியோஃபிலோவும் தனியாக அதையே கண்டார்கள். 1972-ல் சோடியம் யிட்ரியம் ஃபுளோரைடு என்ற படிகம் இதற்கு அருமையான இடம் என்று தெரிந்தது. இன்றைக்கும் முதலில் கைவைக்கிற பொருள் அதுதான். காரணம் சாரத்தின் ஆட்டம். படிகத்தின் அணுக்கள் எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும். ஆக்சைடில் ஆட்டம் பெரிது, நடுத்தட்டில் நிற்பவர் தடுமாறிச் சட்டியைப் போட்டுவிடுவார். ஃபுளோரைடில் ஆட்டம் சிறிது. அதிலும் அறுகோண அமைப்பு வந்தால் கனசதுர அமைப்பைவிட ஏறத்தாழ பத்து மடங்கு நன்றாக ஒளிர்கிறது. உங்கள் எக்ஸ்ரே படத்தில் அமைப்பு எது என்று பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யிட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்களுக்குப் பெயர் தந்தது சுவீடனில் உள்ள இட்டர்பி என்ற ஒரே கிராமம். 1787-ல் அங்கே கல் வெட்டும் குழியில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லில் தொடங்கிய கதை. கிராமத்துப் பெயரை அட்டவணையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுகுறுப்பு. நம் ஊர்ப் பெயரை பஸ் போர்டில் எழுதவே இடம் போதவில்லை, தனிமத்துக்கு எங்கே வைப்பது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய பொடியாக இருந்தபோது நன்றாக எரிந்த பொருள், நானோ அளவுக்குச் சிறுத்ததும் ஏன் மங்கியது?

ஒரு கணக்குப் போடுங்கள். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில், மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டர் ஆழத்துக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது? ஒன்றிலிருந்து 0.8-இன் மூன்றாம் அடுக்கைக் கழித்தால் 49 சதவீதம் வருகிறது. பாதிப்பேர் ஓரத்தில் நிற்கிறார்கள். 100 நானோமீட்டர் உருண்டையில் அதே ஓரம் 6 சதவீதம்தான். இந்த ஓரத்துக்கு வெளியே என்ன? தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்ட ஓலேயிக் அமிலத்தின் வால்கள், கரைப்பான், தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஓ–எச் பிணைப்பின் அதிர்வு 3400 அலையெண் சுமார். எர்பியம் நின்று காத்திருக்கிறதே நடுத்தட்டு, அதற்கும் அடுத்த கீழ்த்தட்டுக்கும் இடையே 3600 சுமார். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஒத்துப்போகிறது. ஓ–எச் அந்த ஆற்றலை வாங்கிச் சூடாக்கிவிட்டுப் போகிறது. சட்டி மேலே போவதற்கு முன்பே கீழே கொட்டியாயிற்று.

ஓரத்தில் நிற்பவர்கள் மட்டும் கொட்டினால் பாதி நஷ்டத்தோடு போகும். ஆனால் நாம் வழக்கமாக 20 சதவீதம் இட்டர்பியம் போடுகிறோம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். சட்டி மேலேதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை; பக்கவாட்டிலும் கைமாறும். நடுவில் இருப்பவர் வாங்கிய சட்டி கை மாறி மாறி ஓரத்துக்கு வந்து, அங்கே கொட்டுகிறது. அதனால் ஆளைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் கூடாமல் குறைகிறது. மேன்டிலின் ஒரு பங்கு சீரியத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, காரணம் வேறாக இருந்தாலும் பாடம் கிட்டத்தட்ட அதேதான். நெடுங்காலம் எர்பியம் 2 சதவீதம், தூலியம் அரை சதவீதம் என்று சமையல் குறிப்புபோல் ஓதிவந்தோம். ஆள் கூடினால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு ஆற்றலைத் தொலைக்கிறார்கள் என்பதுதான் விளக்கம். அது பாதி உண்மை. 2017-ல் அமெரிக்காவில் அடா அல்முத்தைரி குழுவினர் துகளைச் சுற்றி ஒளிராத உறை போட்டுப் பார்த்தார்கள். எர்பியத்தை வழக்கத்துக்கு மேல் ஏற்றியும் வெளிச்சம் விழவில்லை. பெரும் திருட்டு ஓரத்தில்தான் நடந்திருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் பனமரத்துப்பட்டி ஏரிதான் ஞாபகம் வந்தது. சேலத்துக்குக் குடிநீர் கொடுத்த ஏரி. மழை பெய்த கணக்கைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். வரத்து வாய்க்கால் எங்கே அடைத்தது, சீமைக்கருவேலம் எவ்வளவு உறிஞ்சியது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

இப்போது எண்களுக்கு வாருங்கள். 2010-ல் கனடாவில் பாயரும் வான் வெஃகலும் ஒரு வேலை செய்தார்கள். மடங்கு, ஒப்பீடு என்று சுற்றாமல், உள்ளே போன ஃபோட்டான் எத்தனை, மேலேறி வெளியே வந்தது எத்தனை என்று நேராக எண்ணினார்கள். நான் இதைக் குவாண்டம் விளைச்சல் என்பேன். இரண்டு கொடுத்தால் ஒன்று வருகிற வியாபாரம் என்பதால் அதிகபட்சமே 50 சதவீதம்தான். சோடியம் யிட்ரியம் ஃபுளோரைடில் 20 சதவீதம் இட்டர்பியம், 2 சதவீதம் எர்பியம் போட்ட பெரிய பொடிக்கு 3 சதவீதம் கிடைத்தது. 100 நானோமீட்டர் துகளுக்கு 0.3. 10 நானோமீட்டர் துகளுக்கு 0.005. துகள்களை அளந்தது சதுர சென்டிமீட்டருக்கு 150 வாட் ஒளியில்.

உங்கள் மஞ்சள் மார்க்கரை இந்த எண்களின் மேல் வைத்துப் பாருங்கள். 0.005-ல் தொடங்கி 300 மடங்கு ஏறினால் 1.5 சதவீதம். சாதாரணப் பொடியில் பாதி. இன்னொருவர் 0.3-ல் தொடங்கி வெறும் 10 மடங்கு ஏறினால் 3 சதவீதம். தலைப்பில் 10 என்று போட்டவர் 300 போட்டவரைப் போல இரண்டு பங்கு வெளிச்சம் தந்திருக்கிறார். ஆனால் பத்திரிகைக்காரன் எதைத் தலைப்பாக்குவான்? ஒப்பீட்டுக்கு எடுத்த துகள் எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய மடங்கு கிடைக்கும். மாட்டைப் பட்டினி போட்டு எடை போட்டுவிட்டு, பிறகு தீவனம் வைத்து மறுபடி எடை போடுவது போலத்தான்.

ஒளிச்செறிவும் அப்படித்தான். இரண்டு ஃபோட்டான் சேர வேண்டும் என்பதால், மங்கலான ஒளியில் லேசரைப் பாதியாக்கினால் பச்சை கால்பங்காகும். லேசரைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் இந்த வேகம் தணிந்து நேர்க்கோடாகும். ஆகவே 5 வாட்டில் எடுத்த மடங்கும் 500 வாட்டில் எடுத்த மடங்கும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. சோலார் பேனலுக்கு உதவும் என்று முன்னுரையில் ஒரு வரி எழுதுகிற வழக்கம் இருக்கிறது. சித்திரை மாதம் சேலத்து உச்சி வெயில் மொத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். அதில் இட்டர்பியம் வாங்கும் துண்டு மிகச் சிறியது. 150 வாட்டில் அளந்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதற்கு ஆகும். ஐம்பதை நெருங்கும்போது ஆசைப்பட்டு பார்ட்-டைம் பிஎச்.டி. சேர்ந்தேன். கடலோர நகரம் ஒன்றில் ஒரு ஆய்வுக்கூடம். ஓலேயிக் அமிலமும் ஆக்டாடெசீனும், ஆர்கான் வாயு, 300 டிகிரி சூடு, ஒன்றரை மணி நேரம் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பாசிப்பயறு பரப்பியதுபோல் ஒரே அளவில் துகள்கள். லேசரை வைத்தால் பச்சை வருகிறதா என்று அறைக்கதவைச் சாத்தித் தேட வேண்டியிருந்தது. எட்டு மாதம். இட்டர்பியத்தைக் கூட்டினேன், எர்பியத்தைக் குறைத்தேன், லேசரை மாற்றினேன். கடைசியில் ஒரு ஆராய்ச்சி மாணவி, என் மகள் வயது, நான் மூலப்பொருளாக வைத்திருந்த லாந்தனைடு அசிடேட் பாட்டிலை எடுத்துக் குலுக்கி, “சார், இது கட்டி தட்டியிருக்கே” என்றார். ஐப்பசி மழையில் அந்த ஊர்க் காற்றின் ஈரம் முழுவதையும் அது குடித்திருந்தது. வெளியே ஓரத்தில் தண்ணீர் இருக்கிறது என்று தெரியும். துகள் வளரும்போதே உள்ளே ஓ–எச்சைப் புதைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவர் சொன்னபடி வெற்றிடத்தில் காய்ச்சி ஈரம் எடுத்துவிட்டுத் தொடங்கினேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பார்க்கும் அளவுக்கு வந்தது. அந்த எட்டு மாதத்தில் மூன்று முறை, சுமாரான முன்னேற்றங்களை ‘இத்தனை மடங்கு’ என்று மாநாட்டில் படமாகக் காட்டியிருக்கிறேன். யாரும் எதைவிட என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு 2018-ல் ஜெர்மனியில் மார்க்குஸ் ஹாசே குழுவினர் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அவர்கள் புதிய தனிமம் எதையும் சேர்க்கவில்லை. தங்கத் துகளை ஒட்டவில்லை, சாயம் பூசவில்லை. நீரற்ற அசிடேட்டிலிருந்து தொடங்கினார்கள். 18 சதவீதம் இட்டர்பியமும் 2 சதவீதம் எர்பியமும் உள்ள கரு. அதைச் சுற்றிக் கருவின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு தடிமனான, ஒளிராத சோடியம் யிட்ரியம் ஃபுளோரைடு உறை. அவ்வளவுதான். 45 நானோமீட்டர் துகளின் விளைச்சல் பெரிய பொடியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. 15 நானோமீட்டர் துகள்கூட, சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டில், பொடியில் மூன்றில் ஒரு பங்கு. 1 வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கவனியுங்கள், எதைவிட, எத்தனை வாட்டில் என்று இரண்டையும் சொல்கிறார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எழுதுகிற வாக்கியம் அது.

மற்ற வழிகளை நான் மட்டம் தட்டவில்லை. இட்டர்பியம் வெளிச்சத்தை வாங்கும் கை சின்னது, அதற்கு வலை கட்டலாம் என்று 2012-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஹும்மலன் குழு துகளின்மேல் ஒரு அகச்சிவப்புச் சாயத்தை ஒட்டியது. மொத்தமாக ஏறத்தாழ 3300 மடங்கு என்று எழுதினார்கள். யோசனை பிரமாதம், அதன் பிள்ளை பேரன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் சாயமில்லாத அதே துகளோடு ஒப்பிட்டு, அகலமான நிறமாலைப் பட்டை முழுவதையும் கூட்டி வந்த எண். சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது உங்கள் பாட்டியின் சுங்குடிப் புடவைக்கே தெரியும். 2013-ல் ஆஸ்திரேலியாவில் ஜின் தாயோங் குழு தூலியத்தை அரையிலிருந்து 8 சதவீதம் வரை ஏற்றி, 70 மடங்கு வரை கூட்டிக் காட்டியது. அது லேசரைச் சதுர சென்டிமீட்டருக்கு இலட்சக்கணக்கான வாட்டுக்குக் குவித்தபோது. சட்டி மழைபோல் வந்தால் ஆள் எத்தனை இருந்தாலும் வேலை இருக்கும். உங்கள் கல்லூரி லேசரில் அதே 8 சதவீதம் போட்டால் இருட்டுதான். தங்கம் வெள்ளித் துகள்களைப் பக்கத்தில் வைப்பவர்கள் கூட்டியும் காட்டுகிறார்கள், குறைத்தும் காட்டுகிறார்கள். இடைவெளி சில நானோமீட்டர் தவறினால் தங்கமே தின்றுவிடும். முதல் ப்ராஜெக்டுக்கு அது வேண்டாம்.

இத்தனை பாடு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். 980 நானோமீட்டரில் உடம்புத் திசு தானாக ஒளிர்வதில்லை. இருட்டு வானத்தில் ஒற்றை நட்சத்திரம்போல் இந்தத் துகள் மட்டும் தெரியும். 2012-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யோங் சாங் குழு, அகச்சிவப்பை உள்ளே அனுப்பி, துகள் தரும் வெளிச்சத்தால் மருந்தைத் தூண்டி, எலியின் கட்டியைத் தாக்கிக் காட்டியது. நேச்சர் மெடிசின் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் எழுத்தாளர்களில் முத்துக்குமார ஞானசம்பந்தன் என்ற பெயரைப் பார்த்து நான் இரண்டாம் முறை வாசித்தேன். 2019-ல் எலியின் விழித்திரையில் இந்தத் துகளை ஊசியால் செலுத்தி, அகச்சிவப்பைப் பார்க்கவைத்தார்கள். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 980-ஐத் தண்ணீரும் வாங்கும், உடம்பு சூடாகும். அதனால் நியோடிமியத்தைச் சித்தாளாக வைத்து 808 நானோமீட்டரில் ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவப் பக்கம் போகிறவர்கள் அதைப் படியுங்கள்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. கொல்கத்தா ஐசரில் வெங்கடரமணன் மகாலிங்கம் பல வருஷமாக லாந்தனைடு நானோ படிகங்களில் வேலை செய்கிறார். 2009-ல் கனடாவில் கபோபியாங்கோவோடு சேர்ந்து அவர் எழுதிய லித்தியம் யிட்ரியம் ஃபுளோரைடு கட்டுரை முக்கியமானது. அகச்சிவப்பைக் கொடுத்துப் புறஊதா வரை ஏற்றிய கதை அது. அவருடைய கட்டுரைகளை வரிசையாகப் படித்தால், மாதிரியை எப்படி அளப்பது என்ற பாடமும் சேர்ந்து வரும். பொருள் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். மணவாளக்குறிச்சி மணலில் சீரியமும் நியோடிமியமும் தாராளம். நமக்கு வேண்டிய இட்டர்பியமும் எர்பியமும் அதில் சொற்பம். அவை பெரும்பாலும் தென்சீனக் களிமண்ணிலிருந்து வருகின்றன. 2025 ஏப்ரலில் யிட்ரியம் உட்பட ஏழு தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சீனா அறிவித்தது. ஒரு கிராம் அசிடேட்டை வீணாக்கும்முன் இதையும் நினையுங்கள்.

உங்கள் துறையில் ஃபோட்டான் எண்ணும் கோளம் இருக்காது. பரவாயில்லை. கடையில் விற்கும் பெரிய பொடியைக் கொஞ்சம் வாங்கி, அதே லேசரில், அதே தூரத்தில், அதே அளவு வைத்து, உங்கள் துகளை அதோடு ஒப்பிடுங்கள். உங்களுடைய பழைய மோசமான துகளோடு ஒப்பிட வேண்டாம். அதைவிட மலிவான ஒன்று இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. லேசர் டயோடைத் துடிப்பாக விட்டு, ஒரு ஃபோட்டோடயோடும் உங்கள் லேபில் தூசி படிந்து கிடக்கும் ஆசிலோஸ்கோப்பும் வைத்து, லேசர் நின்ற பிறகு பச்சை எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பாருங்கள். நல்ல துகளில் மில்லி விநாடியை ஒட்டி இழுக்கும். ஒழுகும் துகளில் அதில் ஒரு சிறு பங்கிலேயே அணைந்துவிடும். வெளிச்சத்தின் அளவு லேசர் எங்கே பட்டது, எவ்வளவு பொடி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பொய் சொல்லும். இந்த நேரம் அப்படிச் சுலபத்தில் பொய் சொல்லாது. கனநீர் கொஞ்சம் கிடைத்தால், ஓலேயிக் அமிலத்தை நீக்கிய துகளைச் சாதாரண நீரிலும் கனநீரிலும் கரைத்து இரண்டிலும் அளந்து பாருங்கள். கனநீரில் நேரம் மிகவும் கூடினால் உங்கள் உறையில் ஓட்டை இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 980 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற லேசர் பட்டால் கண் தானாக மூடும். இதற்கு மூடாது, விழித்திரை வெந்த பிறகுதான் தெரியும். அந்த அலைநீளத்துக்கென்று எழுதிய கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். மோதிரம், வாட்ச் எதுவும் கையில் வேண்டாம், பளபளப்பில் தெறிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அரளிப் பறிப்பு எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் லேப் நோட்டைக் கொண்டுவாருங்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த துகள் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு சொருகி வையுங்கள். முதலில் அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய இயற்பியல் வாத்தியார்,
பனமரத்துப்பட்டி.